டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரெட் மெஷின்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் மூன்று ஆண்டுகள் நல்ல பிரெட் சுட்டுக்கொண்டிருந்த அதே மெஷின், அதே அளவுகள், அதே மாவு. ஜோகன்னஸ்பர்க்குக்கு வீடு மாறிய முதல் வாரத்தில் மாவு பொங்கி வழிந்து, சூடேற்றும் கம்பியில் விழுந்து, சமையலறை முழுவதும் புகையானது. அடுத்த முறை பிரெட் நடுவில் குழிந்து போனது. சரியான அளவு கைக்கு வர எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதமும் பத்துக் கிலோ மாவும் ஆயின. தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே, மாவைப் பிசைந்து, பொங்கவைத்து, சுட்டும் தரும் இந்த மெஷினை வாங்குவதில் தொடங்கி வரிசையாக எழுதுகிறேன். இங்கே ரொட்டி என்று சொன்னால் சப்பாத்தி போன்றதையே நினைப்பார்கள் என்பதால், கட்டுரை முழுவதும் பிரெட் என்றே குறிப்பிடுகிறேன்.

1. ஊரிலிருந்து கொண்டுவருவதா, இங்கே வாங்குவதா?

தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஊரில் கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் பெரிய மூன்று முனை ப்ளக் இங்குள்ள சுவர்த்துளைகளில் அப்படியே பொருந்தும். சிறிய ப்ளக் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பும் மெஷினை மட்டும் வாங்காதீர்கள். அது 120 வோல்ட்டில் ஓடுவது. இங்கே நேராகச் செருகினால் எரிந்துவிடும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரின் விலைக்கும் எடைக்கும் அந்த மெஷின் தகுதியானதல்ல.

பயணப் பெட்டியில் கொண்டுவருவதாக இருந்தால் வாங்கிய பில்லைக் கைப்பையில் வையுங்கள். ஒரு பயணி கொண்டுவரும் பொருள்களில் 5,000 ராண்ட் மதிப்பு வரைதான் சுங்க வரி விலக்கு. பெட்டியில் வேறு பொருள்களும் இருக்கும் என்பதால், மதிப்பைக் காட்ட பில் இல்லையென்றால் அதிகாரி மதிப்பிடுவதை ஏற்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், இங்கேயே வாங்குவதுதான் நல்லது. பழுதானால் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இருக்கும்.

பிரெட் மெஷின் பொதுவாக 500 முதல் 850 வாட் வரை எடுக்கும். கெட்டிலும் ஹீட்டரும் செருகியிருக்கும் மல்டிப்ளக்கில் இதையும் சேர்க்க வேண்டாம். மூன்று மணி நேரம் யாரும் தொடாத ஒரு சுவர்த்துளையை இதற்கென ஒதுக்குங்கள்.

2. எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

கடையில் வாங்கினால் பில், கேரண்டி அட்டை, மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஆகிய மூன்றையும் அன்றே கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கடைகள் தரும் பில் வெப்பத்தாளில் அச்சாவது. அடுப்புக்கு அருகில் இருக்கும் இழுப்பறையில் வைத்தால் சில மாதங்களில் எழுத்தே தெரியாமல் வெளுத்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான். ஐந்தாவது மாதத்தில், மாவைப் பிசையும் துடுப்பைச் சுழற்றும் அச்சு நின்றுபோனபோது, கடைக்காரர் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, உற்பத்தியாளருக்கு எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வங்கி அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போன பிறகே பேச்சு நகர்ந்தது.

இதில் சட்டம் வாங்குபவர் பக்கம்தான் நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அதைப் பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. கடை அதைத் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. மறுத்தால், நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடமும், அதற்கு அடுத்து தேசிய நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடலாம். ஆனால், வாங்கிய பிறகு மனம் மாறியது என்பது இந்தச் சட்டத்தின்படி குறையாகாது.

இணையத்தில் வாங்கினால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், பொருள் வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்ப அனுமதிக்கிறது. அனுப்பும் கூலியை மட்டும் நாம் ஏற்க வேண்டும். எனவே அட்டைப்பெட்டியை முதல் நாளே கிழித்து எறியாதீர்கள். அந்த ஏழு நாளுக்குள் குறைந்தது இரண்டு பிரெட்டாவது சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

தனியாரிடம் பழைய மெஷின் வாங்குவோர் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல்லைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உள்ளது உள்ளபடி வாங்குகிறோம், பிறகு திருப்பித் தர முடியாது என்பது அதன் பொருள். விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண் முன்னாலேயே பிசையும் சுற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். துடுப்பு இருக்கிறதா, பாத்திரத்தின் உட்பூச்சு உரிந்திருக்கிறதா, பாத்திரத்தை அசைத்தால் அடியிலுள்ள அச்சு ஆடுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பழைய மாடல்களுக்குத் துடுப்பு கிடைப்பது அரிது. துடுப்பு தொலைந்த மெஷின் வெறும் பெட்டிதான்.

3. மாவும் ஈஸ்ட்டும்

இங்குள்ள கடையில் மாவு வரிசைக்கு முன் நின்றால் புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பமாகவே இருக்கும். மைதா என்ற பெயரில் தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒயிட் பிரெட் ஃப்ளோர் என்று அச்சிட்ட பொட்டலம். பக்கத்திலேயே அதே நிறுவனத்தின், ஏறக்குறைய அதே நிறப் பொட்டலத்தில் கேக் ஃப்ளோர் இருக்கும். அதில் புரதம் சற்றுக் குறைவு, பிரெட் உயரமாக எழாது. செல்ஃப் ரைசிங் என்ற மாவில் சோடாவகை உப்புகள் கலந்திருப்பதால் ஈஸ்ட்டோடு சேராது. அதைத் தொடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பொட்டலத்தின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்து, அதிகமுள்ளதை எடுங்கள்.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஆட்டா மாவில் முழு பிரெட்டும் சுட முயல்கிறவர்கள் பலர். ஆட்டா கல்லில் நசுங்க அரைக்கப்படுவதால் தண்ணீரை அதிகம் குடிக்கும். பிரெட் செங்கல் போல இறுகும். கோதுமைச் சுவை வேண்டுமென்றால் மொத்த மாவில் கால் பங்கு ஆட்டாவும் முக்கால் பங்கு பிரெட் ஃப்ளோரும் சேர்த்து, தண்ணீரை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் இங்கே 10 கிராம் பொட்டலமாக, இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட் என்ற பெயரில் கிடைக்கும். புதியவர்கள் விழும் முதல் பள்ளம் இதுதான்: பொட்டலம் சிறிதாக இருப்பதால் முழுவதையும் ஒரே பிரெட்டுக்குக் கொட்டிவிடுகிறார்கள். 500 கிராம் மாவுக்கு 3 அல்லது 4 கிராம் போதும். மீதியை மடித்துக் கிளிப் போட்டு, சிறு டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் கெடாது.

4. அளவு: கோப்பையை விட்டுவிட்டுத் தராசுக்கு வாருங்கள்

தென்னாப்பிரிக்கக் கோப்பை 250 மில்லி. அமெரிக்கக் குறிப்புகளில் வருவது சுமார் 240 மில்லி. மெஷினோடு வரும் பிளாஸ்டிக் கோப்பை வேறோர் அளவாக இருக்கலாம். மூன்றையும் கலந்து பயன்படுத்தினால், மாவை அழுத்தி அள்ளினோமா தளர்வாக அள்ளினோமா என்ற வேறுபாடும் சேர்ந்து, ஐம்பது அறுபது கிராம் கூடக்குறைய ஆகிவிடும். சமையலறைத் தராசு ஒன்றை மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். தண்ணீரையும் அதிலேயே நிறுக்கலாம். ஒரு மில்லி ஒரு கிராம்.

நான் டர்பனில் வைத்திருந்த அடிப்படை அளவு இது: தண்ணீர் 315 மில்லி, எண்ணெய் 25 மில்லி, சர்க்கரை 20 கிராம், பால்பொடி இரண்டு மேசைக்கரண்டி, பிரெட் ஃப்ளோர் 500 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, ஈஸ்ட் ஒன்றேகால் தேக்கரண்டி. முட்டை சேர்க்காததால் புரட்டாசி விரத மாதத்திலும் தயங்காமல் தரலாம். விரதம் இருக்கும் வீடுகளில் கடை பிரெட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சுட்டால் அந்தக் கவலை இல்லை.

பெரும்பாலான மெஷின்களில் முதலில் நீர்ப்பொருள்கள், அவற்றின் மேல் மாவு, ஓர் ஓரத்தில் உப்பு, மாவின் நடுவில் சிறு குழி செய்து அதில் ஈஸ்ட் என்பதே வரிசை. சில மெஷின்களில் ஈஸ்ட்தான் அடியில் போகும். உங்கள் மெஷினின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். எந்த வரிசையானாலும், டைமர் வைத்துக் காலையில் பிரெட் கிடைக்கும்படி இரவே நிரப்புவதாக இருந்தால், ஈஸ்ட்டில் தண்ணீர் படக்கூடாது; பாலும் முட்டையும் அந்த இரவுச் சுற்றில் சேர்க்கக் கூடாது, பால்பொடி சேர்க்கலாம்.

5. பத்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். மெஷின் பிசையும், சூடேற்றும், நேரம் பார்க்கும். மாவு இளக்கமா இறுக்கமா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். மூடியைத் திறந்தால் கெட்டுவிடும் என்ற பயத்தில் பலர் மூன்று மணி நேரமும் தள்ளி நின்றுவிடுகிறார்கள். பிசையும் நேரத்தில் திறப்பதால் எந்தக் கேடும் இல்லை. மாவு பொங்கும்போதும் வேகும்போதும்தான் திறக்கக் கூடாது.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகி, துடுப்போடு சேர்ந்து சுற்றி, பாத்திரத்தின் சுவரை உரசி, ஒட்டாமல் விலக வேண்டும். அடியில் மட்டும் காசு அளவுக்கு லேசாக ஒட்டி இழுபடலாம். மெஷினை நிறுத்திவிட்டு விரல் நுனியால் அழுத்துங்கள். மெல்லக் குழிந்து மெல்ல மேலே வர வேண்டும். விரலில் ஈரம் தெரிய வேண்டும், மாவு ஒட்டி வரக்கூடாது. பரோட்டாவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்த மாவைத் தொட்டவர்களுக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். சப்பாத்தி மாவின் பதத்தில் இருந்தால் அது பிரெட்டுக்கு இறுக்கம்.

உருண்டை இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடந்தாலோ, துடுப்பு தடதடவென்று அடித்தாலோ தண்ணீர் போதவில்லை. ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உருண்டையே ஆகாமல் அடியில் சகதி போலப் படர்ந்து கிடந்தால், ஒவ்வொரு மேசைக்கரண்டியாக மாவு தூவுங்கள். அவசரப்பட்டுக் கால் கோப்பை ஊற்றினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். மூலைகளில் உலர்மாவு தங்கியிருந்தால் ரப்பர் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளுங்கள். மரக்கரண்டியையோ உலோகக் கரண்டியையோ சுழலும் துடுப்பருகே கொண்டுபோக வேண்டாம்.

6. கடலோரத்துக்கும் மேட்டுநிலத்துக்கும் ஏற்ற திருத்தம்

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி இதைவிடச் சில நூறு மீட்டர்தான் அதிகம். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் மாவுக்குள் உருவாகும் வாயு எளிதாக விரிகிறது. மாவு வேகமாக எழுகிறது. மெஷினோ கடலோரக் கணக்குப்படியே காத்திருந்து, அளவுக்கு மீறி எழுந்த மாவைச் சுடத் தொடங்குகிறது. அப்போது நடு குழிகிறது, அல்லது வழிகிறது. எனக்கு நடந்தது இரண்டும்.

ஈஸ்ட்டை ஒன்றேகால் தேக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். கோடையில் முக்கால் போதும். மேட்டுநிலக் காற்று வறண்டது, அங்கே வைத்திருக்கும் மாவும் வறண்டுவிடும். அதனால் தண்ணீர் 325 முதல் 335 மில்லி வரை தேவைப்படும். சர்க்கரையை 15 கிராமாகக் குறைத்தால் எழுச்சி இன்னும் கட்டுக்குள் இருக்கும். உப்பைக் குறைக்க வேண்டாம். ஈஸ்ட்டை அடக்கி வைப்பதே உப்புதான்.

டர்பனில் இதற்கு நேர்மாறு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். திறந்த மாவுப் பொட்டலம் அதை உறிஞ்சிக்கொள்வதால் 305 மில்லியே போதுமாகிவிடும். குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்பாக வரும் என்பதால் அந்த மாதங்களில் குளிர்ந்த நீரையே ஊற்றுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலை மாதக் காலைகளில் வீட்டுக்குள்ளேயே விரல் விறைக்கும். அப்போது கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீர் வேண்டும். இட்லி மாவு குளிர்காலத்தில் எழாமல் அடம்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

7. துடுப்பை நேரத்தோடு வெளியே எடுங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என் முதல் நல்ல பிரெட்டைப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, பீன்ஸ் கறியை ஊற்றி பன்னி சௌ செய்தார். தட்டு நிரம்பக் குழம்பு ஒழுகியது. பிரெட்டைத் தூக்கிக் காட்டி, "அடியிலே ஓட்டை இருக்கு, பாரும்மா" என்றார். துடுப்பு நின்ற இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவு துளை. பன்னி சௌவுக்கு அடி கெட்டியாக இருக்க வேண்டும் என்பது டர்பனில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வழி எளிது. சாதாரணச் சுற்று சுமார் மூன்று மணி நேரம் ஓடும். அதில் கடைசி முறையாக மாவைத் தட்டி இறக்கிய பிறகு, முடிய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, துடுப்புக்கு வேலை முடிந்துவிடுகிறது. சரியான நிமிடம் கையேட்டின் அட்டவணையில் இருக்கும். அதைச் சிறு தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் கையில் எண்ணெய் தடவி, மாவை மொத்தமாகத் தூக்கி, துடுப்பை உருவி, மாவை நீள உருண்டையாக்கித் திரும்ப வையுங்கள். இரண்டு நிமிட வேலை. அச்சின் சிறு தழும்பு மட்டுமே அடியில் மிஞ்சும்.

8. நடுவில் மின்சாரம் போனால்

2022, 2023 ஆண்டுகளில் இருந்த அளவுக்கு இப்போது மின்வெட்டு இல்லை என்றாலும், பகுதிக்கோளாறுகள் நிற்கவில்லை. தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதிக்கான அறிவிப்பைப் பாருங்கள். ப்ரீபெய்டு மீட்டர் உள்ள வீடுகளில் இருப்பையும் பாருங்கள். இரவுச் சுற்றின் நடுவில் யூனிட் தீர்ந்துபோய், காலையில் புளித்த மாவை எடுத்துக் கொட்டியவள் நான். ஒரு பிரெட்டுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் அதே மீட்டரில்தான் கீஸரும் ஓடுகிறது.

மின்சாரம் சில நிமிடங்களில் திரும்பினால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும்; எத்தனை நிமிடம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதைத் தாண்டினால் இப்படிச் செய்யுங்கள். பிசையும்போது நின்றிருந்தால், முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள், எந்த நஷ்டமும் இல்லை. மாவு எழும்போது நின்றிருந்தால், பாத்திரத்தை உள்ளேயே விடுங்கள், மாவு தானாக எழுந்துகொண்டுதான் இருக்கும். விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்ததும் மின்சாரம் இருந்தால் 'பேக்' என்ற தனிச் சுற்றில் ஒரு மணி நேரம் சுடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் தடவிய தகரப் பாத்திரத்துக்கு மாற்றி எரிவாயு ஓவனில் 190 டிகிரியில் சுடலாம். வேகும்போது நின்றதுதான் மோசம். உடனே ஓவனுக்கு மாற்ற முடியாவிட்டால் அதைக் காப்பாற்றுவது கடினம். இணைய ரூட்டருக்கென்று வைத்திருக்கும் சிறு பேட்டரிப் பெட்டியில் மெஷினைச் செருகிப் பார்க்க வேண்டாம். அது இந்த வாட்டைத் தாங்காது.

9. எடுப்பதும் வைப்பதும்

மணி அடித்த பத்து நிமிடத்துக்குள் பாத்திரத்தை வெளியே எடுங்கள். மெஷின் ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்கும். அந்த ஒரு மணியில் ஆவி வெளியேற வழியில்லாமல் தோல் ஈரமாகித் தொய்ந்துவிடும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறிய பிறகே வெட்டுங்கள். வெந்ததா என்று வெப்பமானியால் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டர்பனில் நடுப்பகுதி 95 டிகிரி காட்டலாம், ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீரே சுமார் 94 டிகிரியில் கொதிப்பதால் 91, 92 காட்டினாலே வெந்துவிட்டது. 95 வரும் என்று காத்திருந்தால் காய்ந்துதான் போகும்.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் பிரெட் விரைவில் வறண்டு போகும். இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே துணியில் சுற்றி வைத்து, மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். டர்பன் கோடையில் இரண்டாம் நாளே அழுகிய பழ வாடை வந்து, உள்ளே நூல் போல இழுபட்டால், அது ஒரு வகை பாக்டீரியாவின் வேலை. அப்படியே எறிந்துவிட்டு, பாத்திரத்தை வினிகரால் துடையுங்கள். அந்த மாதங்களில் தண்ணீரோடு ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் இது பெரும்பாலும் தடுக்கப்படும், சுவையில் தெரியாது.

10. செலவுக் கணக்கு

என் பில்களை வைத்துப் பார்த்தால், ஒரு பிரெட்டுக்கு மாவு சுமார் 9 ராண்ட், ஈஸ்ட் 2, எண்ணெய் முதலியவை 2 அல்லது 3, மின்சாரம் ஒன்றரை. மொத்தம் 15 ராண்ட் அளவு. பிரெட் ஃப்ளோருக்கும் கேக் ஃப்ளோருக்கும் 2019 ஏப்ரல் முதல் மதிப்புக்கூட்டு வரி கிடையாது. கடையில் ஒரு வெள்ளை பிரெட் நான் வாங்கும்போது 19 ராண்ட். ஒன்றுக்கு நான்கு ராண்ட் மிச்சம் என்றால், 2,600 ராண்ட் கொடுத்து வாங்கிய மெஷினின் விலை திரும்ப 650 பிரெட் சுட வேண்டும். வாரம் நான்கு என்று சுட்டாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். பணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்கு என்ன தருகிறோம் என்று தெரிந்து தருவதற்கு வாங்குங்கள்.

11. விற்க நினைப்போருக்கு

பக்கத்து வீட்டார் கேட்கத் தொடங்கியதும் விற்கலாமே என்று தோன்றும். உறவினர் விசாவில் வந்தவர்களுக்கு வேலை செய்யவோ தொழில் நடத்தவோ அனுமதி இல்லை. எனவே முதலில் உங்கள் விசாவின் நிபந்தனை வரியைப் படியுங்கள். அதில் தடை இல்லையென்றால், 2018ஆம் ஆண்டின் உணவு வளாக விதிகளின்படி நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் விண்ணப்பித்து, அதிகாரி சமையலறையைப் பார்வையிட்ட பிறகு தரும் ஏற்புச் சான்றிதழைப் பெற வேண்டும். சான்றிதழ் அந்த நபருக்கும் அந்த இடத்துக்கும் உரியது. வீடு மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டு நகராட்சிக்குப் போங்கள்.